எதிரெதிர் வாதங்களை அடுக்க ஃப்ரீபிளேன் ஒத்துவருமா?

கட்டுரை எழுத உட்காரும் முன் இரு தரப்பு வாதங்களையும் குமிழிகளாகப் போட்டுக் கோடிழுத்துப் பார்க்கும் கொத்து வரைபடத்துக்கு, ஃப்ரீபிளேன் என்ற இலவச மென்பொருள் முக்கால்வாசி ஒத்துவருகிறது. மீதிக் காலுக்குக் கொஞ்சம் மல்லுக்கட்ட வேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், கைபேசிக்கு இல்லை. நாலு பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து திருத்தவும் வழியில்லை.

இதன் பலம் வேகம். இதில் ஒவ்வொரு குமிழிக்கும் கணு என்று பெயர். டேப் விசையைத் தட்டினால் கிளைக் கணு, என்டர் தட்டினால் பக்கத்துக் கணு, எஃப்2 தட்டினால் திருத்தம். மவுஸைத் தொடாமலே இருபது கணு போட்டுவிடலாம். நடுக் கணுவில் மட்டும் நிதானம் தேவை. "பள்ளியில் கைபேசியைத் தடை செய்ய வேண்டும்" என்று முடிவையே அங்கே எழுதினால் எதிர்த்தரப்புக் கிளை சவலைப்பிள்ளையாகிவிடும். "தடை செய்யலாமா?" என்று கேள்வியாக வையுங்கள். ஆதரவை வலப்பக்கமும் எதிர்ப்பை இடப்பக்கமும் இழுத்துப் போட்டு, பக்கத்துக்கு மூன்று நான்கு காரணம், காரணத்துக்கு ஒரு சான்று என்று நிறுத்திக்கொண்டால் போதும். டேப் தட்டுவது சுலபம் என்பதால் ஐந்தாறு அடுக்கு ஆழம் போய்விடுகிறவர்கள் உண்டு. மூன்றுக்கு மேல் போனால் அது வாதமில்லை, குறிப்பேடு.

கணுவில் "கவனம்" என்று ஒற்றைச் சொல் எழுதினால் அது எந்தக் கட்சி என்றே தெரியாது. "வகுப்பில் கைபேசி கவனத்தைக் குலைக்கிறது" என்று வினையோடு எழுதினால்தான் அதை எதிர்த்துப் பேச முடியும்.

அடுத்தது கனெக்டர், அதாவது இரண்டு கணுக்களை இணைக்கும் அம்பு. இந்த வேலைக்கு உயிரே அதுதான். "அவசரத்துக்கு வீட்டை அழைக்க வேண்டும்" என்ற எதிர்ப்புக்கு "அலுவலகத் தொலைபேசி இருக்கிறதே" என்ற பதிலிலிருந்து அம்பு போட்டு, அம்பின் மேலேயே "பாதிப் பதில்" என்று எழுதி வைக்கலாம். இரண்டு பக்கமும் இப்படி இணைத்து முடித்ததும், அம்பே வந்து சேராத எதிர்ப்புகள் பளிச்சென்று தெரியும். அவற்றுக்குப் பதில் தேடுங்கள், இல்லையென்றால் கட்டுரையிலேயே ஒப்புக்கொள்ளுங்கள். கண்டுகொள்ளாமல் விட்டால் படிப்பவர் பிடித்துக்கொள்வார்.

குறை, இதன் மர அமைப்பில் இருக்கிறது. ஒரு கணுவுக்கு ஒரே தாய்க் கணுதான். "செலவு" இரு தரப்புக்கும் பொதுவான காரணமாக வந்தால் குளோன் எடுத்து இரண்டிடத்திலும் வைக்க வேண்டும். ஓரிடத்தில் திருத்தினால் மற்றதிலும் மாறும். சாதாரணமாகக் காப்பி எடுத்தால் இரண்டும் தனித்தனியாகப் பிரிந்து போகும். தாளும் பென்சிலும் என்றால் ஒரு கோடு இழுத்து முடிந்திருக்கும்.

இதைவிட எரிச்சலானது ஒன்று. முழு வரைபடத்தையும் காப்பி செய்து நோட்பேடில் ஒட்டினால், உள்தள்ளிய வரிகளாக அழகான கட்டுரைச் சட்டகம் வந்துவிடுகிறது. அம்புகள் மட்டும் வருவதில்லை. அவ்வளவு பாடுபட்டுப் போட்ட மோதல் முழுக்கக் காணாமல் போகும். ஆகவே காப்பி செய்யும் முன் கோப்பை வேறு பெயரில் சேமித்து, ஒவ்வொரு பதிலையும் அது எதிர்கொள்ளும் வாதத்தின் கீழே கிளையாக இழுத்துப் போட்டுவிடுங்கள். ஒட்டும்போது எதிர்ப்பும் பதிலும் அடுத்தடுத்த வரிகளில் வரும்.