ஷ்ரேக்கர் ஆபரா ரெக்கார்டிங்ஸ்: எதுல ஆரம்பிக்கலாம், எத அப்புறமா பாத்துக்கலாம்

ஃப்ரான்ஸ் ஷ்ரேக்கர்ங்கற கம்போசரோட ஆபராவ (பாட்டாவே நடக்கற மேற்கத்திய நாடகம்) கேக்கணும்னு நினைக்கறவங்க பாடறவங்க பேர பாத்து ரெக்கார்டிங் எடுக்காதீங்க, ஆர்க்கெஸ்ட்ரா எப்படி பதிவாயிருக்குன்னு பாத்து எடுங்க. வெர்டி, புச்சினி மாதிரி இத்தாலி கம்போசர்னா குரல் நல்லா இருந்தா மத்தத பொறுத்துக்கலாம். ஷ்ரேக்கர்கிட்ட பாதி கதை ஆர்க்கெஸ்ட்ராவுக்குள்ளதான் நடக்குது, மேடையில ஆளுங்க என்னமோ பேசிட்டிருப்பாங்க, கீழ ஹார்ப்பும் செலஸ்டாவும் (மணி மாதிரி ஒலிக்கற சின்ன கீபோர்டு) பிரிஞ்சு பிரிஞ்சு வாசிக்கற வயலினும் அவங்க வாய்விட்டு சொல்லாதத சொல்லிட்டிருக்கும். அந்த அடுக்கெல்லாம் குழைஞ்சு போன ரெக்கார்டிங்க மொதல்ல கேட்டீங்கன்னா, இதென்ன மூணு மணி நேரமும் ஒரே மாதிரி போகுதுன்னு மூடி வெச்சிடுவீங்க. அப்படி விட்டுடக் கூடாதுன்னுதான் இத எழுதறேன்.

ஆள் யாருன்னு தெரியாதவங்களுக்கு சுருக்கமா. 1878ல மொனாக்கோல பொறந்தவர், அப்பா யூதர், போட்டோகிராஃபர், அவர் செத்ததும் குடும்பம் வியன்னாவுக்கு வந்துடுச்சு. 1912ல ஃப்ராங்க்ஃபர்ட்ல டெர் ஃபெர்ன கிளாங் அரங்கேறினதும் ஒரே ராத்திரில பேர் வந்துடுச்சு, அந்த ஆபராவோட பியானோ ஸ்கோர தயார் பண்ணினது யாருன்னா அப்போ இளைஞனா இருந்த, பின்னாடி பெரிய கம்போசரான ஆல்பன் பெர்க். 1913ல கம்போசர் ஷொன்பெர்கோட குர்ரே லீடர்ங்கற பெரிய படைப்பு வியன்னாவுல முதல் தடவ மேடையேறினப்ப கண்டக்டரா நின்னு நடத்தினவரும் இவர்தான். 1920ல பெர்லின் இசைக் கல்லூரிக்கு டைரக்டர் ஆயிட்டார். அந்தக் காலத்துல உயிரோட இருந்த ஜெர்மன் ஆபரா கம்போசர்கள்ல ரிச்சர்ட் ஸ்ட்ராஸுக்கு பக்கத்துல வெச்சு பேசின ஆளு. அப்புறம் ரசனை மாறுச்சு, 1924ல வந்த இர்ரெலோஹங்கற ஆபரா சரியா எடுபடல, அதுக்கு மேல நாஜிங்க வந்தாங்க. 1932ல கடைசி ஆபரா அரங்கேறினப்ப தியேட்டர்லயே கூச்சல் போட்டாங்க, வேலையையும் புடுங்கினாங்க, 1933 டிசம்பர்ல பக்கவாதம் வந்து 1934 மார்ச்ல போயிட்டார், 56 வயசு முடிய ரெண்டு நாள் பாக்கி. செத்த பிறகும் விடல, 1938ல ட்யூசல்டார்ஃப்ல நடந்த சீரழிஞ்ச இசை கண்காட்சியில இவர் பேரையும் போட்டு கேவலப்படுத்தினாங்க. போருக்கு அப்புறம் வந்த புது இசைக்காரங்களுக்கு இந்த மாதிரி செழிப்பான சத்தமே ஆகாம போச்சு, அதனால 1970கள் கடைசி வரைக்கும் அங்கொண்ணும் இங்கொண்ணுமாத்தான் மேடையேறுச்சு. 1979ல ஃப்ராங்க்ஃபர்ட்ல மிஹாயேல் கீலன் நடத்தி, ஹான்ஸ் நொய்யன்ஃபெல்ஸ் டைரக்ட் பண்ணின இவரோட டீ கெட்சைஹ்னெட்டன் ஆபரா வந்த பிறகுதான் திரும்ப பேச ஆரம்பிச்சாங்க. நம்ம கையில இருக்கற நல்ல ரெக்கார்டிங் எல்லாமே அதுக்கு அப்புறம் வந்ததுதான்.

சரி, விஷயத்துக்கு வரேன். முதல்ல வாங்க வேண்டியது டெக்காங்கற ரெக்கார்டு கம்பெனில வந்த டீ கெட்சைஹ்னெட்டன், லோதார் ட்சாக்ரோசெக் நடத்தினது, பெர்லின் டாய்ச்சஸ் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா, மூணு சிடி. நாஜிங்க தடை பண்ணின இசையையெல்லாம் தேடிப் புடிச்சு என்டார்டெட்ட மூசிக்னு (மேல சொன்ன அதே சீரழிஞ்ச இசைங்கற பேரு) ஒரு வரிசையா 1990கள்ல டெக்கா போட்டாங்களே, அதுல வந்தது. இப்படி ஒரு ஆபராவுக்கு பெரிய கம்பெனி ஸ்டுடியோவுல உக்காந்து பொறுமையா பணம் செலவழிச்ச காலம் அது, இனிமே அப்படி வருமான்னு தெரியல.

கதை 16ஆம் நூற்றாண்டு ஜெனோவாவுல நடக்குது. அல்வியானோனு ஒரு பணக்கார பிரபு, முதுகு கூனி, முகமும் கோரம், தான் அழகா இல்லைங்கற ஏக்கத்துல கடலுக்கு நடுவுல ஒரு தீவையே சொர்க்கம் மாதிரி கட்டி வெச்சிருக்கான், ஆனா தன் உருவம் அங்க இருந்தா அந்த அழகு கெட்டுடும்னு அவன் மட்டும் அங்க போறதில்ல. அவனோட கூட்டாளிங்க அந்தத் தீவோட அடியில ஒரு குகைக்கு ஊர்ப் பொண்ணுங்கள கடத்திட்டு போய் அக்கிரமம் பண்றாங்க. விஷயம் அப்படிப் போகவும் அவன் தீவையே ஊர் மக்களுக்கு எழுதி வெச்சிடறேங்கறான். இதுக்கு நடுவுல கார்லோட்டா, ஓவியம் வரையற பொண்ணு, இதய நோய்க்காரி, உன் ஆன்மாவ வரையணும்னு வந்து நிக்கறா.

இந்த ஆபராவோட ப்ரெலூட்ட (ஆரம்பத்துல வர்ற ஆர்க்கெஸ்ட்ரா பகுதி) மட்டும் நல்ல ஹெட்ஃபோன்ல போட்டு பாருங்க. மேல வயலின், ஹார்ப், செலஸ்டா, பியானோ எல்லாம் சேந்து மினுமினுன்னு ஒரு பரப்பு, எந்த சுருதியில நிக்குதுன்னே புடிபடாது, மேஜரா மைனரானு காது தடுமாறும், அதுக்கு அடியில செல்லோவும் பேஸ் கிளாரினெட்டும் ஒரு மெலடிய இழுத்துட்டு போகும். சுமாரான ரெக்கார்டிங்ல அந்த மினுமினுப்பு வெறும் பின்னணி இரைச்சலா ஆயிடும். ட்சாக்ரோசெக்கோட ரெக்கார்டிங்ல ஹார்ப் தனியா, செலஸ்டா தனியா, அது நடுவுல பியானோவோட உலோகச் சத்தம் தனியா கேக்குது, ஆனா மொத்தமா ஒரே பொருளாவும் இருக்கு. எத்தன தடவ கேட்டாலும் அந்த முதல் நிமிஷத்துல எனக்கு புல்லரிக்கும்.

இன்னொரு இடம், ரெண்டாவது ஆக்ட் கடைசியில வர்ற ஸ்டுடியோ சீன். கார்லோட்டா அவன உக்கார வெச்சு வரைஞ்சுகிட்டே தனக்கு தெரிஞ்ச ஒரு பொண்ணு கைகளா வரைவா, கைகள மட்டுமேன்னு ஒரு கத சொல்றா, அந்தப் பொண்ணு வேற யாரும் இல்ல, அவளேதான்னு மெதுவா நமக்கு தெரிய வருது. எலிசபெத் கான்னெல் இத பாடறப்ப சத்தமே போடல, கிட்டத்தட்ட பேசற மாதிரி ஆரம்பிச்சு ஒவ்வொரு வரிக்கும் கொஞ்சம் கொஞ்சமா மூச்ச சேத்துகிட்டே போறாங்க, கீழ ஆர்க்கெஸ்ட்ராவும் அவங்கள முந்தாம கூடவே வருது. ஹைன்ஸ் க்ரூஸ அல்வியானோவா போட்டதும் சரியான தேர்வு, வீர டெனர் குரல் கிடையாது, கொஞ்சம் ஒல்லியான குரல், அந்தக் கேரக்டருக்கு அதுதான் வேணும், மூணாவது ஆக்ட்ல புத்தி பேதலிச்சு தன் குல்லாவையும் வயலினையும் தேடற இடத்துல அவர் குரல் உடையற மாதிரி கேக்கும், ஆனா உடையாது. அந்த பிரபுக்கள்ல ஒருத்தனான டமாரேவா வர்ற மான்ட்டி பீடர்சன் நல்லா முரட்டுத்தனமா பாடியிருக்கார். குறைன்னு சொன்னா முதல் ஆக்ட்ல பிரபுக்கள் கூட்டமா பேசற இடங்கள்ல யார் யாருன்னு குழப்பம் வரும், லிப்ரெட்டோ (ஆபராவோட வசனப் புத்தகம்) கையில இல்லாம அத தாண்ட முடியாது.

லிப்ரெட்டோ பத்தி சொல்லியே ஆகணும். ஷ்ரேக்கர் தன் ஆபராவுக்கெல்லாம் அநேகமா தானே வார்த்த எழுதினவர், வார்த்தையும் இசையும் பின்னிப் பிணைஞ்சு இருக்கும், ஸ்ட்ரீமிங்ல வெறும் ட்ராக் மட்டும் கேட்டா பாதி அர்த்தம் போச்சு. செகண்ட் ஹேண்ட்ல சிடி வாங்கறவங்க புக்லெட் இருக்கானு முன்னாடியே கேட்டு போட்டோ வாங்கிக்கோங்க. நான் ஒரு ஆன்லைன் கடையில வாங்கினப்ப வெறும் டிஸ்க் மட்டும் கவர்ல போட்டு அனுப்பிட்டாங்க, கேட்டதுக்கு பதிலே இல்ல, பாக்ஸ் செட்டுல அந்த புக்குதான் முக்கியம்னு விக்கறவங்களுக்கு புரியவே மாட்டேங்குது.

அதே ஆபராவ படமா பாக்கணும்னா 2005 ஸால்ஸ்பர்க் டிவிடி இருக்கு, கென்ட் நகானோ நடத்தினது, நிகோலாஸ் லேன்ஹாஃப் டைரக்‌ஷன், பாறைய குடைஞ்சு கட்டின ஃபெல்சன்ரைட்ஷூல அரங்கத்துல மேடை முழுக்க ஒரு பெரிய பெண் சிலை விழுந்து கெடக்கும், அது மேலயே ஏறி நடந்து நடிக்கறாங்க. ஆன் ஷ்வானவில்ம்ஸ் கார்லோட்டாவா பிரமாதம், என்னைக் கேட்டா கான்னெலவிட ஒரு படி மேலன்னே சொல்வேன், அந்தக் குரல்ல ஒரு நோயாளித்தனமான வெளிச்சம் இருக்கு. ராபர்ட் ப்ரூபேக்கரும் மிஹாயேல் ஃபோல்லயும் அவங்களுக்கு ஈடு குடுக்கறாங்க. ஆனா நிறைய வெட்டியிருக்காங்க, அது எனக்கு தாங்கல, ஷ்ரேக்கர வெட்டினா மிச்சம் வேகமா ஓடும்னு நினைக்கறாங்க போல, நடக்கறது என்னன்னா ஒரு உச்சத்துலேர்ந்து இன்னொரு உச்சத்துக்கு தாவுது, நடுவுல மூச்சு வாங்க இடமே இல்லாம போகுது. அதனால டெக்காவ கேட்டுட்டு இத பாருங்க, இதையே முதல்ல பாக்காதீங்க.

அடுத்தது டெர் ஃபெர்ன கிளாங், அதாவது தூரத்து ஓசை. ஃப்ரிட்ஸ்னு ஒரு இளம் கம்போசர், எங்கேயோ கேக்கற ஒரு ஓசைய தேடிப் புடிச்ச பிறகுதான் கல்யாணம்னு காதலி கிரேட்டவ விட்டுட்டு போயிடறான், அவ அப்பன் சூதாட்டத்துல பொண்ணையே பணயமா வெச்சு தோத்துடறான், அவ ஓடிப்போய் எங்கெங்கயோ சீரழியறா. இதுல ரெண்டாவது ஆக்ட் வெனிஸ் பக்கத்துல ஒரு தீவுல, கேளிக்கை விடுதியில நடக்குது. மேடைக்கு பின்னாடி ஒரு பாட்டு, மேடையில ஒரு ஜிப்சி பேண்டு, தூரத்துல படகுலேர்ந்து வர்ற குரல்கள், மேடைக்கு முன்னாடி குழியில பெரிய ஆர்க்கெஸ்ட்ரா, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு, திருவிழா அன்னைக்கு நாலு தெரு ஸ்பீக்கரும் ஒரே முக்குல வந்து மோதற மாதிரி. 1912ல இப்படி எழுதியிருக்கார்ங்கறத நினைச்சா ஆச்சரியமா இருக்கு. ஒரு ரெக்கார்டிங் தேறுமா தேறாதானு பாக்க இந்த ஆக்ட்டோட முதல் பத்து நிமிஷம் போதும், எது கிட்ட எது தூரம்னு காதுக்கு தெரியணும்.

இதுல கேப்ரிச்சியோ கம்பெனில வந்த கெர்ட் ஆல்பிரெக்ட் ரெக்கார்டிங்தான் பல வருஷமா எல்லாரும் சொல்றது, 1990 வாக்குல பெர்லின்ல பண்ணினது, கேப்ரியேல ஷ்னௌட்டும் தாமஸ் மோசரும். ஷ்ரேக்கருக்காக ஆல்பிரெக்ட் அளவுக்கு பாடுபட்ட கண்டக்டர் கிடையாது, அந்த மரியாதை எப்பவும் உண்டு. மோசர் அழகா பாடறார், கடைசி சீன்ல ஃப்ரிட்ஸ் சாகப்போற நேரத்துல கிரேட்ட பக்கத்துல வந்ததும்தான் அந்த ஓசை கேக்குதுன்னு உணர்ற இடம் மனச பிசையுது. ஷ்னௌட்டோட குரல் பெருசு, ஆனா முதல் ஆக்ட்ல சின்னப் பொண்ணா நம்ப முடியல, உயரத்துக்கு போறப்பல்லாம் குரல் ஆடுது. வெனிஸ் ஆக்ட்ல தூரம் கிட்டங்கறது ஓரளவுக்கு தெரியுது, முழுசா தெரியல.

என் ஓட்டு 2019ல ஃப்ராங்க்ஃபர்ட் ஆபராவுல நேரடியா பதிவு பண்ணி ஓயம்ஸ் கம்பெனில வந்ததுக்கு. செபாஸ்டியன் வைக்ல நடத்தினது, முதல்ல அரங்கேறின அதே ஊர்லயே பதிவாகி வந்திருக்குங்கறது கூடுதல் சந்தோஷம். ஜெனிஃபர் ஹாலோவே கிரேட்டவா மூணு ஆக்ட்டுக்கும் மூணு குரல் வெச்சிருக்காங்க, ஏக்கமா ஆரம்பிச்சு, வெனிஸ்ல ஒரு கசப்பான பளபளப்பு, கடைசியில எல்லாம் தேஞ்சு போன குரல். இயன் கோசியாராவுக்கு மோசரோட அழகு இல்ல, ஆனா இளசா இருக்கார், அந்த அவசரபுத்தி நம்பும்படியா இருக்கு. மூணாவது ஆக்ட்ல ரெண்டு சீனுக்கு நடுவுல வர்ற நாக்ட்ஷ்ட்யூக்னு ஒரு நீளமான ஆர்க்கெஸ்ட்ரா பகுதி, அத வைக்ல அவசரமே படாம, கீழேர்ந்து கட்டி எழுப்பற விதத்துக்காகவே இத வாங்கலாம். நேரடி பதிவுங்கறதால மேடை சத்தம் அங்கங்க கேக்குது, எனக்கு அது உறுத்தல. நேக்ஸோஸ் கம்பெனில மலிவா கிடைக்கற மிஹாயேல் ஹலாஸ் ரெக்கார்டிங் உண்மையான உழைப்பு, ஆனா ஹாகன் மாதிரி சின்ன ஊர் ஆர்க்கெஸ்ட்ராவுக்கு இந்த ஸ்கோர் ரொம்ப பெருசு, அதனால அத முதல்ல வேணாம்.

டெர் ஷாட்ஸ்க்ரேபர் அவர் காலத்துல ரொம்ப ஓடின ஆபரா, 1920ல ஆரம்பிச்சு சில வருஷத்துலயே ஊர் ஊரா போச்சு. புதையல் இருக்கற இடத்த காட்டற மாய வீணை வெச்சிருக்கற பாடகன் ஒருத்தன், ராணியோட நகைக்காக தன்ன கட்டிக்க வந்தவங்களையெல்லாம் கொல்ல வைக்கற எல்ஸ்னு ஒருத்தி. இதுக்கு 2022ல பெர்லின் டாய்ச்ச ஓப்பர்ல எடுத்து நேக்ஸோஸ் போட்ட ப்ளூரே போதும், மார்க் ஆல்பிரெக்ட் நடத்தறார், கிறிஸ்டோஃப் லாய் டைரக்‌ஷன், எலிசபெட் ஸ்ட்ரிட் எல்ஸா வர்றாங்க. மூணாவது ஆக்ட் ஆரம்பத்துல எல்ஸ் ஒரு தாலாட்டு பாடுவா, ஷ்ரேக்கர் எழுதினதுலயே எளிமையான மெலடி அது, இவ்வளவு கொலைக்கு காரணமானவ வாயிலேர்ந்து அது வர்றதாலதான் நெஞ்ச அடைக்குது, ஸ்ட்ரிட் அத ஒரு குழந்த மாதிரி பாடறாங்க. ஆடியோ மட்டும் போதும்னா அதே கண்டக்டர் ஆம்ஸ்டர்டாம்ல 2012ல பண்ணின சேலஞ்ச் கிளாசிக்ஸ் செட் இருக்கு, ரெண்டுல ஆர்க்கெஸ்ட்ரா ஒலிப்பதிவு இதுலதான் தெளிவு.

மூணு மணி நேர ஆபராவுக்கு இப்ப நேரம் இல்லங்கறவங்க 2023ல டாய்ச்ச க்ராமஃபோன் கம்பெனில கண்டக்டர் எஷன்பாக் பண்ணின ரெண்டு சிடி செட்ட எடுங்க, நான் மேல சொன்ன அந்த நாக்ட்ஷ்ட்யூக்கும் இருக்கு, 1916ல எழுதின சேம்பர் சிம்ஃபனியும் (சின்ன குழுவுக்கான சிம்ஃபனி) இருக்கு, கூடவே பாட்டுங்களும். ஆபரா வேலைய மட்டும் பாத்து இவர எடை போடறவங்க அந்த சேம்பர் சிம்ஃபனிய கட்டாயம் கேக்கணும், இருபத்தி சொச்சம் பேர வெச்சுகிட்டு அதே மினுமினுப்ப கொண்டு வந்திருக்கார்.

மிச்சத்துல இர்ரெலோஹவுக்கு பான் நகர ஆபராவோட ஸ்டெஃபான் ப்ளூனியர் பண்ணினது, எம்டிஜி கம்பெனில வந்தது, பழைய சோனி ரெக்கார்டிங்கவிட ஒலி எவ்வளவோ மேல, ஆபராவே கொஞ்சம் இழுவைதான், இவரோட மத்ததெல்லாம் கேட்ட பிறகு வாங்குங்க. கடைசி ஆபரா டெர் ஷ்மீட் ஃபொன் கென்ட், நாஜிங்க கூச்சல் போட்டு கெடுத்தது, அத கெம்னிட்ஸ் ஆபராக்காரங்க ஃப்ராங்க் பேயர்மான் தலைமையில பண்ணி சிபிஓங்கற கம்பெனி போட்டிருக்காங்க, நாட்டுப்புறக் கதை, சுறுசுறுப்பான எழுத்து, மினுமினுப்பெல்லாம் ஓரமா வெச்சுட்டு வேற ஆள் மாதிரி எழுதியிருக்கார். சிபிஓ செட்டெல்லாம் ஸ்டாக் தீந்துட்டா திரும்ப வர நாளாகுது, கண்ணுல பட்டா அப்பவே எடுத்துடுங்க.