பிளோரிடா வில்லேஜஸ்: மூன்று தரம் போய்த் தங்கிய அனுபவம்

மட்டக்களப்பு கல்லடியில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சினேகிதியின் தம்பிக்கு அடுத்த வருடம் 55 வயது. கனடாக் குளிர் போதும், அமெரிக்காவின் பிளோரிடாவில், வயதானவர்களுக்கென்றே அமைத்த 'தி வில்லேஜஸ்' என்ற ஊர்ப் பக்கம் வீடு பார்க்கலாமா என்று கேட்கிறாராம். "நீங்க மூணு தரம் போய் இருந்து வந்தீங்கதானே அக்கா, எப்படி இடம்?" என்றாள் அவள். வாசலில் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை.

கோல்ப் மைதானம், நீச்சல் குளம் எல்லாம் எத்தனை என்று தேடினால் கிடைக்கும். எனக்குக் கோல்ப் தெரியாது. எனக்கு அந்த ஊர் பிடித்தது கோல்ப் வண்டியால், அதாவது கோல்ப் ஆடுகிறவர்கள் ஏறித் திரியும் சின்ன வண்டியால்.

என் அக்கா அமிர்தகழியில் சைக்கிளில் பறந்து திரிந்தவள். நியூ ஜெர்சிக்குப் போன பிறகு, கார் ஓடப் பயந்து, அத்தான் வேலை விட்டு வரும்வரை வருடக்கணக்காக வீட்டுக்குள்ளேயே இருந்தாள். அப்புறம் முழங்காலும் போய்விட்டது. அவள்தான் வில்லேஜஸுக்குக் குடிவந்து 66 வயதில் வண்டி ஓடுகிறாள்! மணிக்கு 20 மைலுக்குள் போகும் வண்டி, அதற்கென்று தனிப் பாதை, பெரிய வீதி குறுக்கிட்டால் அடியில் சுரங்கம், ஓரிடத்தில் நெடுஞ்சாலைக்கு மேலால் வண்டிகளுக்கென்றே ஒரு பாலம். கண்ணாடிக்குக் கீழே எங்கள் மாமாங்கம் கோயில் விபூதிப் பொட்டலம், பக்கத்துக் குழியில் தேத்தண்ணிப் போத்தல். மழை வந்தால் பிளாஸ்டிக் திரையை இழுத்து சிப் போட்டுவிட்டு அப்படியே போவாள். கடைக்கு, வைத்தியரிடம், பின்னேரமானால் ஸ்பானிஷ் ஸ்பிரிங்ஸ் சதுக்கத்துக்கு. அங்கே இரவு ஒன்பது மணிவரை பாட்டு, காசு கேட்பதில்லை. முதல் தரம் கதிரையில் இருந்து பார்த்தவள், மூன்றாம் தரம் நான் போனபோது ஆடுகிறவர்களோடு இரண்டாம் வரிசையில் நின்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எங்கள் அம்மா கடைசி எட்டு வருடமும் மாமாங்கத்துக்குப் போக ஒவ்வொரு தரமும் யாராவது ஆட்டோ பிடித்து வரும்வரை காத்திருந்தார். 1924இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தில் பின்னேரம் எத்தனை பேர் நடக்கிறார்கள்! கால் நல்லவர்களுக்குச் சரி, பாலம்வரை வந்து சேர முடியாதவர்கள் என்ன செய்வது?

சரி, குறைக்கு வருகிறேன். 19 வயதுக்குக் குறைந்தவர்கள் அங்கே வருடத்துக்கு 30 நாள்தான் தங்கலாம். பத்து வீட்டில் எட்டு வீட்டிலாவது 55 வயதோ அதற்கு மேலோ உள்ள ஒருவர் இருந்தால் ஒரு குடியிருப்பு பிள்ளைகளுள்ள குடும்பங்களைச் சேர்க்காமல் விடலாம் என்று அமெரிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது. அக்காவும் தெரிந்துதான் கையெழுத்துப் போட்டாள், ஒருவரும் ஏமாற்றவில்லை. அமைதி வேண்டும் என்று வந்தவர்களுக்கு அதைக் கேட்கும் உரிமையும் இருக்கிறது. ஆனால் போன வருடம் விடுமுறைக்கு அக்காவின் ஏழு வயதுப் பேரன் வந்திருந்தான். மகளுக்கு வேலை நெருக்கடி, இரண்டு மாதமாவது வைத்திருக்க வேண்டிய நிலைமை. அக்கா குசினிக் கலண்டரில் பென்சிலால் ஒவ்வொரு நாளாகக் கோடு போட்டு வந்தாள். அவனுக்கு அந்த வண்டி என்றால் உயிர், சுரங்கம் வந்தால் ஹோன் அடிப்பது அவன் வேலை. 30ஆம் நாள் காலை பெட்டியைப் பூட்டும்போது, "அம்மம்மா, நான் சத்தம் போட்டதாலயா?" என்று கேட்டான். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. சாவும் நோயும் பற்றிக் கதைக்க ஆட்கள் நிறைய இருக்கும் ஊரில், ஒரு பிள்ளை முற்றத்தில் விழுந்து அழுகிற சத்தம் கேட்டால் என்ன குறைந்துவிடும்?

பேரப்பிள்ளைகள் இல்லையென்றால் வீடு வாங்கட்டும் என்று சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். இப்போது சொல்கிறேன், தம்பி வாங்க வேண்டாம். அக்கா கேட்டால் சண்டைக்கு வருவாள். வண்டிக்குப் புதுப் பட்டரி போட்டு நேற்று இரவு படம் அனுப்பியிருக்கிறாள், மார்கழியில் வரச் சொல்கிறாள். நான் போவேன், அவள் ஓட, பக்கத்தில் இருந்து போவதற்காகவே.