அல்பாக்காவுக்கு எந்தக் கத்தரி? மோட்டார் கையிலா, கம்பத்திலா?

அல்பாக்காவுக்கு (ரோமத்துக்காக வளர்க்கும், ஒட்டகக் குடும்பத்துத் தென் அமெரிக்கப் பிராணி) ரோமம் வெட்ட எந்த மெஷின் நல்லது என்று கேட்டால், பதிலாக வருவது பெரும்பாலும் பிராண்டு பெயர்தான். ஒருவர் ஹெய்னிகர் என்பார், இன்னொருவர் லிஸ்டர் என்பார், அமெரிக்காவில் இருப்பவர் ஆஸ்டர் ஷியர்மாஸ்டர் என்பார். மூன்றிலும் நல்ல மெஷின்கள் உண்டு. ஆனால் முதலில் முடிவு செய்ய வேண்டியது மோட்டார் எங்கே இருக்க வேண்டும் என்பதை: கைக்குள்ளா, தலைக்கு மேல் கம்பத்திலா, இல்லை மோட்டாரே வேண்டாமா? அப்புறம் வருவது முனையில் மாட்டும் சீப்பும் கட்டரும். என்னைக் கேட்டால், கையில் இருக்கும் பணத்தை இங்கேதான் தாராளமாகச் செலவழிக்க வேண்டும்.

இந்த மெஷின்களின் பூர்வீகம் செம்மறிக் கொட்டகை. ஆஸ்திரேலியாவில் ஃபிரெடரிக் உல்ஸ்லி 1877இல் செம்மறிக் கத்தரிப்பு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கினார். 1888இல், டார்லிங் ஆற்றுப் பக்கம் டன்லப் பண்ணையில், ஒரு மந்தை முழுவதையும் மெஷினாலேயே வெட்டி முடித்தார்கள். (உல்ஸ்லி கம்பெனியில் வேலை பார்த்த ஹெர்பர்ட் ஆஸ்டின்தான் பிற்பாடு ஆஸ்டின் கார்களைச் செய்தவர். ஆட்டு மயிரில் தொடங்கிய மோட்டார் கதை!) அசையாத ஒரு சீப்பு, அதன் மேல் இடவலமாக ஓடும் கட்டர் என்ற அடிப்படை இன்றும் அதேதான்.

சிக்கல் என்னவென்றால் செம்மறி வேறு, அல்பாக்கா வேறு. செம்மறி ரோமத்தில் லனோலின் என்ற பிசுக்கு நிறைய உண்டு. வெட்ட வெட்ட அதுவே கட்டருக்கு எண்ணெய் போட்டுக்கொடுக்கும். அல்பாக்கா ரோமத்தில் அந்தப் பிசுக்கு மிகக் குறைவு. போதாததற்கு, மண்ணில் புரள்வதென்றால் இதற்குக் கொள்ளைப் பிரியம். வெயிலில் நான்கு காலையும் தூக்கிக்கொண்டு உருண்டு எழுந்தால், பொடி மணல் தோல் வரைக்கும் இறங்கிவிடும். ஆகவே கட்டர் ஓடுவது எண்ணெய் இல்லாத மணலில். செம்மறியில் நின்று உழைக்கும் முனை இங்கே இரண்டு மூன்று பிராணிகளிலேயே மழுங்கிப்போகும், சீக்கிரம் சூடும் ஏறும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு காரணத்திலிருந்து வருவதுதான்.

மோட்டார் இல்லாத கைக்கத்தரியிலிருந்து ஆரம்பிக்கலாம். உலகத்தின் பெரும்பாலான அல்பாக்காக்கள் இருப்பது பெருவில்: பூனோ, கூஸ்கோ, அரெகிபா பக்கத்து மேட்டு நிலங்களில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில். அங்கே பல குடும்பங்களுக்கு மேய்ச்சல் இடத்தில் கரண்டே கிடையாது. அதனால் கைக்கத்தரி அங்கே இன்னும் அன்றாடக் கருவி. அதற்குச் சாதகமான விஷயங்களும் உண்டு. சத்தம் இல்லை, சூடு இல்லை, பிராணி மிரள்வது குறைவு. தோலோடு ஒட்டி வெட்டாமல் கொஞ்சம் ரோமத்தை மிச்சம் வைப்பதால், வெட்டிய மறுநாள் குளிர் மழை வந்தாலும் பிராணி தாங்கும். அந்த உயரத்தில் இது உயிர்ப் பிரச்சினை.

பாதகம் வெட்டின் ஒழுங்கில் இருக்கிறது. கை பழகாதவர் வெட்டினால் தோல் மேலே படிக்கட்டு கட்டியது மாதிரி இருக்கும். அதைச் சமன் செய்யலாம் என்று அதே இடத்தில் மறுபடி கத்தரியை விட்டால், அரை விரற்கடை நீளத்தில் துண்டு மயிர் உதிர்ந்து நல்ல ரோமத்தோடு கலந்துவிடும். அந்தத் துண்டுகள்தான் நூலில் உருண்டை உருண்டையாக முடிச்சுப் போடுபவை. ரோமத்தின் தடிமனை அளப்பது மைக்ரானில், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கில். பெருவின் தரப் பிரிப்பில் 23 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள ரோமம் உயர்ந்த தரம். அவ்வளவு மெல்லிய ரோமத்தைத் துண்டு துண்டாக வெட்டினால் மைக்ரான் மாறாது, விலை மாறும். ஒரே வீச்சில், ஒரே நீளத்தில் எடுப்பதுதான் கத்தரிப்பவரின் திறமை. மெஷின் வாங்குவதே அதைச் சுலபமாக்கத்தான்.

இரண்டு மூன்று பிராணி வைத்திருப்பவர் நல்ல கைக்கத்தரி ஒன்றும் சாணைக்கல் ஒன்றும் வாங்கி, பொறுமையாகக் கற்றுக்கொண்டால் போதும். அதற்கு மேல் போனால் முதுகு விட்டுப்போகும்.

அடுத்தது கைப்பிடிக்குள்ளேயே மோட்டார் உள்ள மெஷின். ஒயரைச் செருகினால் ஓடும், பெட்டியில் போட்டு எடுத்துப் போகலாம், விலையும் கம்ப மெஷினைவிடக் குறைவு. ஐந்திலிருந்து இருபது பிராணி வரை உள்ள சிறு பண்ணைக்கு நான் சொல்வது இதைத்தான். வேகத்தைக் கூட்டிக் குறைக்க வசதி உள்ளது கிடைத்தால் அதையே எடுங்கள். செம்மறிக்கு ஓட்டுகிற முழு வேகம் இங்கே தேவையில்லை. பிசுக்கில்லாத ரோமத்தில் வேகம் என்றால் சூடு.

இதன் குறை கையில் தெரியும். மோட்டார் கைக்குள் இருப்பதால் எடை ஒரு கிலோவைத் தாண்டும், பிடி தடிமனாக இருக்கும், நான்காவது பிராணியில் மணிக்கட்டு முறையிடும். கை சோர்ந்தால் சீப்பின் நுனி தோலை நோக்கிச் சாயும், காயம் பெரும்பாலும் அப்போதுதான் படுகிறது. இன்னொன்று, மோட்டார் காற்றை உறிஞ்சித் தன்னைக் குளிர வைக்கிறது. அந்தக் காற்றுத் துவாரத்தில் பஞ்சு மாதிரி ரோமம் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு பிராணி முடிந்ததும் வடிகட்டியைக் கழற்றி ஊதிவிடாதவரின் மெஷின் சீக்கிரம் கருகும். இதை விற்பவர்கள் அழுத்திச் சொல்வதில்லை.

மூன்றாவது, மோட்டார் கம்பத்திலோ சுவரிலோ தொங்க, அங்கிருந்து வளையும் தண்டு வழியாக விசை கைக்கு வரும் அமைப்பு. கையில் இருப்பது ஹேண்ட்பீஸ், அதாவது சீப்பும் கட்டரும் மாட்டிய கைப்பிடி மட்டும். மெலிசு, நல்ல சமநிலை. ஊர் ஊராகப் போய்க் கத்தரிக்கும் தொழில்காரர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள். அல்பாக்காவைச் செம்மறி போல உட்கார வைத்து வெட்டுவதில்லை. பாயில் படுக்க வைத்து முன்கால்களையும் பின்கால்களையும் கயிற்றால் எதிரெதிராக நீட்டிக் கட்டுவார்கள், ஒருவர் தலையைப் பிடித்துக்கொள்வார். சாய்மேசையும் சிலர் வைத்திருக்கிறார்கள். கத்தரிப்பவர் பிராணியைச் சுற்றி நகர வேண்டியிருப்பதால், மோட்டாரைத் தொங்கவிடும் இடம் பாயின் நடுவுக்கு நேர் மேலே அமைய வேண்டும். சுவரோரம் மாட்டிவிட்டு அப்புறம் தண்டை இழுத்து இழுத்து வெட்டினால், தண்டு மடங்கி உள்ளே இருக்கும் சுருள் கம்பி அறுந்துபோகும்.

இதில் ஆபத்தும் கொஞ்சம் கூடுதல். கட்டர் சிக்கி நின்றுவிட்டால், கம்பத்து மோட்டாரின் பலம் மொத்தமும் ஹேண்ட்பீஸை முறுக்கிக் கையிலிருந்து பிடுங்கி வீசப் பார்க்கும். ஆகவே, சிக்கிய உடனே தானாக நிற்கும் பாதுகாப்பு உள்ள மோட்டாராகப் பாருங்கள். இந்த இடத்தில் பழைய மெஷினைச் சல்லிசாக வாங்குவது எனக்கு ஒப்பாத சிக்கனம். முப்பது நாற்பது பிராணிக்கு மேல் இருந்தால், அல்லது பக்கத்துப் பண்ணைகளுக்கும் வெட்டித் தரும் எண்ணம் இருந்தால், கம்ப மெஷின் தன் விலையை நியாயப்படுத்தும்.

குதிரைக்கும் மாட்டுக்கும் உள்ள கிளிப்பர் இதற்கு ஆகாது. அதன் பல் நெருக்கத்தில் அல்பாக்கா ரோமம் போய் அடைத்துக்கொள்ளும். பேட்டரி கிளிப்பர் முகத்தையும் காலையும் திருத்த மட்டும் சரி.

இனி சீப்பும் கட்டரும். செம்மறிக்குப் பொதுவாகப் போடும் 13 பல் சீப்பில் பற்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். அல்பாக்காவின் வயிறு, அக்குள், தொடை மடிப்பு ஆகிய இடங்களில் தோல் மெல்லிசாகவும் தளர்வாகவும் இருப்பதால், அந்த இடைவெளிக்குள் தோல் மடிந்து நுழைந்து வெட்டுப்படும். புதிதாகக் கற்பவருக்கு 20 பல் சீப்பு பாதுகாப்பானது. கொஞ்சம் மெதுவாகப் போகும், போகட்டும். குளிர் ஊரில் இருந்தால், அடியில் ரோமத்தைச் சற்று மிச்சம் விடும் தடித்த சீப்பும் கிடைக்கிறது. தோல் தெரிய வெட்டினால் வெயில் ஊரிலும் தொல்லைதான், தோல் கன்றிப்போகும்.

எத்தனை வாங்குவது? ஒரு சீப்புக்கு மூன்று நான்கு கட்டர் என்ற கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், கட்டர்தான் முதலில் மழுங்கும். பத்துப் பிராணிக்கு ஒரே சீப்பு, ஒரே கட்டர் என்று இறங்கினால் மூன்றாவதிலேயே வேலை நின்றுவிடும். மழுங்கியதை எப்படிக் கண்டுபிடிப்பது? நல்ல முனை ரோமத்துக்குள் நுழையும்போது சீறும் சத்தம் ஒரே சீராக இருக்கும், கைக்கு அழுத்தம் தெரியாது. மழுங்கியது ரோமத்தை வெட்டாமல் முன்னே தள்ளும், மோட்டாரின் சத்தம் கனத்து இறங்கும், சீப்பு சுடும். புறங்கையை வைத்துப் பாருங்கள்; உங்களுக்குச் சுட்டால் பிராணிக்கும் சுடும். இந்த நேரத்தில் எல்லோரும் செய்வது, கட்டரைச் சீப்போடு அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் திருகை இன்னும் ஒரு சுற்று முறுக்குவது. அது இன்னும் சூட்டைக் கூட்டி, மிச்சமிருக்கும் கூர்மையையும் தின்றுவிடும். கட்டரை மாற்றுங்கள். டென்ஷன் சரியாக வெட்டத் தொடங்கும் அளவுக்கு இருந்தால் போதும்.

கட்டரின் நுனி சீப்புப் பல்லின் சரிவை எட்டாமல் ஓரிரு மில்லிமீட்டர் பின்னால் நிற்க வேண்டும். முன்னால் தள்ளி மாட்டினால் தோலைக் கடிக்கும். எண்ணெயில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு பிராணியை வெட்டும்போது நடுவில் ஒரு தடவை நிறுத்தியாவது சீப்பின் மேல் சில சொட்டு விடுங்கள். தொடங்குவதற்கு முன் இலை ஊதும் பிளோயரால் ரோமத்தைப் பிரித்து ஊதினால் மண் பறப்பதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த ஒரு வேலை எத்தனையோ கட்டர்களைக் காப்பாற்றும். முந்தின ராத்திரி பிராணிகளைக் கூரைக்குக் கீழே அடைத்து வையுங்கள். ஈர ரோமத்தை வெட்டவும் முடியாது, மூட்டை கட்டவும் முடியாது.

சாணை பிடிப்பதை வீட்டில் செய்யலாமா? எமரி தாள் ஒட்டிய தட்டு வேகமாகச் சுற்ற, அதன் மேல் சீப்பைத் தாங்கியில் பிடித்து உரசும் மெஷின் இது. கோணம் பிசகினால் சீப்பு வீண், பிடி நழுவினால் விரல் போகும். வருஷத்துக்கு ஒரு தடவை இருபது பிராணி வெட்டுபவர் முனைகளைத் துடைத்துக் கட்டித் தொழில்காரரிடம் அனுப்பிவிடுவதே மேல். சீசன் முடிந்ததும் டென்ஷனைத் தளர்த்தி, ஹேண்ட்பீஸைப் பிரித்துக் கழுவி, கிரீஸ் வைத்து, முனைகளில் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வையுங்கள். துருவேறிய கட்டரை எவ்வளவு சாணை பிடித்தாலும் பழைய கூர் வராது.

கடைசியாக, மெஷினே வாங்காமல் கத்தரிப்பவரை வரவழைப்பது. ஐந்தாறு பிராணிக்கு இதுவே பல நேரம் மலிவு. கை தேர்ந்தவர் ஒரு பிராணியைப் பத்து நிமிடத்துக்குள் முடித்து, கால் நகத்தையும் பல்லையும் கூடவே திருத்திவிட்டுப் போவார். ஆனால் அவர் நேற்று வேறு பண்ணையில் வெட்டியவர். சொறிப்பூச்சியும், நிணநீர்க் கட்டியாக வந்து சீழ் வைக்கும் நோயும் ஒரே சீப்பில் பண்ணை விட்டுப் பண்ணை பயணம் செய்யக்கூடியவை. வண்டி வந்து நின்றதும், சீப்பு, கட்டர், பாய், கயிறு நான்கையும் கிருமிநாசினியில் நனைத்தாயிற்றா என்று கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிறவரை அடுத்த வருஷம் கூப்பிட வேண்டாம்.