லீ-என்ஃபீல்டா, மோசின்-நாகாந்தா: எதன் கதை எளிதில் கிடைக்கும்?

பழைய ராணுவத் துப்பாக்கி ஒன்றை முறையான உரிமத்தோடு வாங்கி அதன் கடந்த காலத்தைத் தேட நினைப்பவர்கள் பிரிட்டிஷ் ராணுவத்தின் லீ-என்ஃபீல்டு, ரஷ்ய ராணுவத்தின் மோசின்-நாகாந்து இரண்டுக்கும் நடுவே தடுமாறுவார்கள்.

முத்திரை: 1907-இல் வந்த லீ-என்ஃபீல்டு மார்க் 3-இல், பின்பக்க மரத்தண்டு சேரும் இடத்தில் உலோகப் பட்டையைப் பாருங்கள். கிரீடம், தொழிற்சாலைப் பெயர், ஆண்டு எல்லாம் அங்கேயே இருக்கும். மோசினில் குழலின் பின்முனையில் பார்க்க வேண்டும்: நட்சத்திரம் என்றால் ரஷ்யாவின் தூலா தொழிற்சாலை, முக்கோணத்துள் அம்பு என்றால் இஷெவ்ஸ்க் தொழிற்சாலை.

தொடர் எண்கள்: மோசினில்தான் ஏமாற வாய்ப்பு அதிகம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சோவியத் கிடங்குகளில் பழுதுபார்த்தபோது பாகங்களை மாற்றிப் போட்டு, பழைய எண்ணைக் கோடிட்டு அடித்துப் புது எண் பொறித்தார்கள். அந்தக் கோடும் வரலாறுதான், தேய்த்து அழித்துவிடாதீர்கள்! லீ-என்ஃபீல்டில் 'எஃப்டிஆர்' என்று இருந்தால் தொழிற்சாலையில் முழுப் பழுது பார்த்தது என்று பொருள்.

கை மாறிய தடம்: லீ-என்ஃபீல்டின் மரத்தண்டில் சிறிய பித்தளை வட்டு இருந்தால் படைப்பிரிவின் சுருக்கெழுத்தே கிடைக்கும். ஆனால் பலவற்றில் வட்டு இருக்காது. மோசினில் சதுரத்துக்குள் 'எஸ்ஏ' தெரிந்தால், சரி, அது ஃபின்லாந்து ராணுவத்தின் கைக்குப் போனது. எனக்கு மிகவும் பிடித்த முத்திரை அது. ஒரே இரும்பு இரண்டு நாடுகளுக்கு உழைத்திருக்கிறது.

ஒரு படைப்பிரிவுவரை போய்ச் சேர ஆசைப்பட்டால், வட்டு உள்ள லீ-என்ஃபீல்டு. முத்திரைகளை ஒவ்வொன்றாக அவிழ்க்கும் பொறுமை உள்ளவர்களுக்கு ஃபின்லாந்து மோசின்.