வினாகிரி, உப்பு, கொதிதண்ணி: வளவுப் புல்லுக்கு எது சரிவரும்?

மூன்று மாரி, மூன்று கோடை பாவித்ததில் தெரிந்தது: வினாகிரி முளைக்குத்தான் மருந்து, முற்றின செடிக்கு அல்ல. கடை வினாகிரியில் அசற்றிக் அமிலம் 4, 5 வீதம்தான். அதனால் தண்ணீர் கலக்கக் கூடாது. ஒரு லீற்றருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு தேக்கரண்டி விட்டு, காலை 10 மணிக்குப் பிறகு கொளுத்துகிற வெயிலில் இலை நனையத் தெளியுங்கள். திரவம் விடாவிட்டால் துளி இலையில் நிற்காமல் உருண்டு விழும். இரண்டு மூன்று இலை விட்ட குப்பைமேனி பின்னேரமே வாடும். அறுகு மேலே மட்டும் கருகி, இரண்டு கிழமையில் திரும்பப் பச்சையாகும். வேருக்கு இது இறங்காது. தெளிகருவியின் முனை பித்தளை என்றால் உடனே கழுவுங்கள், இல்லாவிட்டால் களிம்பேறி அடைக்கும்.

உப்பும் சேர்க்கச் சொல்லுகிறவர்கள் கனபேர். யாழ்ப்பாணத்தில் அது வேண்டவே வேண்டாம். சுண்ணக்கல்லுக்கு மேலேதான் எங்கள் மண் கிடக்கிறது. போட்ட உப்பு மழையோடு இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகும். கோடையில் உவர்க்கிற கிணறுகள் ஏற்கனவே போதும். மண்ணில் தங்குகிற உப்போ பக்கத்துக் கத்தரியின் இலையோரத்தைக் கருக்கும்.

சீமெந்து வெடிப்புக்கும் கிணற்றடி இடுக்குக்கும் கொதிதண்ணியை வெல்ல ஒன்றுமில்லை. புட்டு அவித்த பானையில் மிஞ்சியதை இறக்கின கையோடு ஊற்றலாம். ஒரு முழ வெடிப்புக்கு அரை லீற்றர், பத்து நாளுக்கு ஒருக்கா, மூன்று தரம். வெறுங்காலோடு நிற்காதீர்கள்.

பாதீனியத்தைப் பூக்க முன்னமே, மண் ஈரமாக இருக்கையில், கையுறை போட்டு வேரோடு பிடுங்குங்கள். தோலில் பட்டால் சிலருக்குக் கடித்துத் தடிக்கும்.

கோரைதான் பெரிய தலையிடி. உழவாரத்தால் செருக்கினால் முற்றம் நாலு நாள் வடிவாக இருக்கும், பிறகு ஊசி ஊசியாக முளைக்கும். தாளைப் பிடித்து இழுத்தாலும் கிழங்கு உள்ளே நின்றுவிடும். அதோடு மண்ணுக்குள் ஓடும் கொடியில் தூங்கிக் கிடந்த மற்றக் கிழங்குகளும் விழிக்கும். பொலித்தீன் விரித்தால் அதையும் குத்திக்கொண்டு வரும். கார்த்திகை ஈரத்தில் மண்வெட்டியால் அரை அடிக்கு மேல் கிண்டி, மண்ணை உதறி, நூல் மாதிரிக் கொடியில் கோர்த்துக் கிடக்கும் கறுத்த கிழங்குகளைப் பொறுக்குவதுதான் வழி. மாதம் ஒருக்கா திரும்பப் பார்க்க வேண்டும். பொறுக்கினதை எருக்கிடங்கில் போடாதீர்கள். பசளையோடு தோட்டம் முழுக்கப் போய்ச் சேரும். சீமெந்துத் தரையில் சுருங்கக் காயவிட்டு எரியுங்கள்.