சிஆர்-எக்ஸா, எம்ஆர்2-ஆ? எண்பதுகளின் இரண்டு குட்டி ஜப்பானியக் கார்கள்

1983-ல் ஹோண்டா சிஆர்-எக்ஸ் வந்தது. மறுவருடமே டொயோட்டா எம்ஆர்2-வை இறக்கியது. இரண்டிலும் இரண்டு பேர்தான் வசதியாக உட்காரலாம். இரண்டுக்கும் ஜப்பானில் 1.6 லிட்டர் ட்வின் கேம் (வால்வுகளைத் திறந்து மூட இரண்டு கேம் தண்டுகள் உள்ள) இன்ஜின் கிடைத்தது. போன வழிதான் நேரெதிர்.

டொயோட்டா செய்ததை நினைத்தால் இன்றும் எனக்கு வியப்புதான். முன்சக்கரங்களை ஓட்டும் விதத்தில் குறுக்கே அமைந்த இன்ஜினையும் கியர்பாக்ஸையும் ஒன்றாகத் தூக்கி, சீட்டுக்குப் பின்னால் வைத்து, பின்சக்கரங்களை இயக்க வைத்தார்கள். இன்ஜின், கொரோலா குடும்பத்திலும் ஓடிய அதே 4ஏ-ஜிஇ. ஜப்பானில் பெருமளவில் தயாரான முதல் மிட் இன்ஜின் (இன்ஜின் நடுப்பகுதியில் உள்ள) கார் இப்படித்தான் பிறந்தது. முன்பக்கம் எடை குறைவு என்பதால் ஸ்டீயரிங் லேசாகத் திரும்பும். ஆனால் வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எடை முன்னால் சாய்ந்து, பின்சக்கரங்கள் பிடி தளர்ந்து வால் சுழன்றுவிடும். மழையில் ரொம்பவே கவனம் வேண்டும். 1986-ல், இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் சூப்பர்சார்ஜரும் சேர்ந்தது.

ஹோண்டா அவ்வளவு தூரம் போகவில்லை. தன் சிவிக் காரின் பாகங்களை எடுத்து, வீல்பேஸை, அதாவது முன், பின் சக்கரங்களின் இடைவெளியை, 2,200 மி.மீ.க்குக் குறுக்கி (எம்ஆர்2-க்கு 2,320), எடையைச் சுமார் 800 கிலோவில் நிறுத்தியது. இதே உடம்பில் அமெரிக்காவில் விற்ற சிக்கன மாடலான எச்எஃப், நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 20 கி.மீ.க்கு மேல் ஓடியது. எம்ஆர்2-விடம் இதையெல்லாம் எதிர்பார்க்க முடியாது.

அப்புறம் 1987-ல் இரண்டாம் தலைமுறை சிஆர்-எக்ஸ், நான்கு சக்கரங்களுக்கும் டபுள் விஷ்போன் (மேலும் கீழும் இரண்டு கரங்கள் தாங்கும்) சஸ்பென்ஷன். பின்கதவில் சாய்ந்த கண்ணாடிக்குக் கீழே செங்குத்தாக இன்னொரு கண்ணாடி. ரியர்வியூ மிரரில் பார்த்தால் நடுவே ஒரு பட்டை குறுக்கே ஓடும். பழகிவிடும். 1989-ல் வந்த எஸ்ஐஆர் மாடலில், வேகம் கூடும்போது வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றும் விடெக் பி16ஏ இன்ஜின், டர்போ இல்லாமலே 160 குதிரைத்திறன். 5,000 ஆர்பிஎம் தாண்டிக் கேம் மாறியதும் சத்தமே வேறு.

ஓட்டும் சுகத்துக்கு மட்டும் என்றால் முதல் தலைமுறை எம்ஆர்2. தினமும் வேலைக்குப் போக, சாமான் ஏற்ற, ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையில் விரட்ட, எல்லாவற்றுக்கும் ஒரே கார் என்றால் எஸ்ஐஆர்தான். என் வாக்கும் அதற்கே. எதை வாங்கினாலும் துருவை முதலில் பாருங்கள், குறிப்பாகப் பின்சக்கர வளைவுகளில்.