சிறிய கணினிக்கு எந்த மதர்போர்டு? பி550எம், எச்610எம், பி650எம்

பெட்டி சிறியதாக இருக்க வேண்டும், பணம் அதிகம் போகக் கூடாது, ஆனால் ஐந்தாறு ஆண்டு தொல்லை தராமல் ஓட வேண்டும். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்ததிலிருந்து, நமக்குத் தெரிந்த பல வீடுகளில் இதே பேச்சுதான். பழைய போர்டு விண்டோஸ் 11-ஐ ஏற்காது என்றால் புதிதாக எதை வாங்குவது? கோலாலம்பூரின் கணினிச் சந்தையான லோ யாட் பிளாசாவில் நான்கு கடை ஏறி இறங்கினால் நான்கு பதில் கிடைக்கும். தலைப்பில் உள்ள மூன்றும் போர்டு வகைகள்; பாகங்களை இணைக்கும் சிப்செட் என்ற துணைச் சிப்பின் பெயரால் அழைக்கிறார்கள். இனி வெறும் சிப் என்று சொன்னால் அது பிராசசர். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் நல்ல டிடிஆர்4 ராம் (டிடிஆர்5-க்கு முந்தைய தலைமுறை நினைவகம்) இருந்தால் பி550எம். எல்லாமே புதிதாக வாங்குவதாக இருந்து, பணமும் இடம் கொடுத்தால் பி650எம். எச்610எம் குறிப்பிட்ட ஒரு தேவைக்கு மட்டும்.

போர்டின் அளவிலேயே பலர் பணத்தைக் கூடுதலாக விட்டுவிடுகிறார்கள். சின்னப் பெட்டி என்றதும் மினி ஐடிஎக்ஸ் என்ற மிகச் சிறிய அளவைத் தேடிப் போகிறார்கள். 17 சென்டிமீட்டர் சதுரம், பார்க்க அழகுதான். ஆனால் அதே சிப்செட் உள்ள மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைவிட விலை பல நேரம் இரட்டிப்பை நெருங்கும். ராம் செருக இரண்டே இடம், கார்டு செருக ஒரே இடம். செலவு போர்டோடு நிற்பதும் இல்லை. பெட்டி, சிறிய எஸ்எஃப்எக்ஸ் பவர் சப்ளை, உயரம் குறைந்த கூலர் என்று ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கூடுதலாகப் போகும். அப்புறம் நம் ஊர் வெயில். செந்தூலில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்குள் பிற்பகலில் என்ன சூடு இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஏர்கோன் படுக்கையறையில் இருக்கும், கணினி ஹாலில் இருக்கும். காற்றோட்டமில்லாத குறுகிய பெட்டி அங்கே ஆகாது. மைக்ரோ ஏடிஎக்ஸ் என்பது அதிகபட்சம் 24.4 சென்டிமீட்டர் சதுரம். மலிவான போர்டுகள் பலவும் அகலத்தில் அதைவிடக் குறைவுதான். பிள்ளைகள் படிக்கும் மேசையில் அதற்கான பெட்டி தாராளமாக அடங்கும். அதனால் கீழே பேசப்போவது எல்லாமே மைக்ரோ ஏடிஎக்ஸ்.

பி550எம் 2020-இல் வந்தது. ஏஎம்டி சிப்புகளுக்கான ஏஎம்4 சாக்கெட் (சிப்பைப் பொருத்தும் இடம்), டிடிஆர்4 ராம். பழசு என்று ஒதுக்க வேண்டாம். ஏஎம்டி 2024-லும் இந்தச் சாக்கெட்டுக்குப் புதிய சிப்புகளை வெளியிட்டது. 2025 கடைசி மாதங்களில் ராம் விலை கிடுகிடுவென ஏறியபோது இந்தப் போர்டின் மதிப்பு கூடியது என்றே சொல்வேன். பழைய கணினியில் 8 ஜிபி ராம் இரண்டு இருந்தால் கழற்றி இதில் போட்டுவிடலாம், அந்தச் செலவு அப்படியே மிச்சம். எம்எஸ்ஐயின் பி550எம் புரோ-விடிஎச் வைஃபை, கிகாபைட்டின் பி550எம் டிஎஸ்3எச் இரண்டிலும் ராமுக்கு நான்கு இடம், எம்.2 சேமிப்புக்கு (போர்டிலேயே செருகும் சிறிய எஸ்எஸ்டி) இரண்டு இடம் உண்டு. பிறகு ராம் கூட்ட வேண்டுமானால் பழையதைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பி550-இன் பெரிய பெருமை, கிராஃபிக்ஸ் கார்டும் எம்.2 சேமிப்பும் தரவு அனுப்பும் பாதையான பிசிஐஇயின் 4.0 வேகம். ஆனால் தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்காதவர்கள் எடுக்கும் ரைசன் 5 5600ஜி சிப் பிசிஐஇ 3.0 வரை மட்டுமே போகும். அந்தச் சிப்போடு அந்த வேகத்துக்காகப் பணம் கொடுப்பதில் பயனில்லை. விலை குறைந்த ஏ520எம் போர்டிலும் அது அதே வேகத்தில்தான் ஓடும். அப்படியிருந்தும் நான் பி550எம் பக்கமே நிற்பதற்குக் காரணம் வேறு: சிப்புக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதி பெரும்பாலும் இதில் வலுவாக இருக்கும், அதன் மேல் சூடு தணிக்கும் அலுமினியத் தகடும் இருக்கும். மலிவான ஏ520எம் பலவற்றில் அந்த இடம் மொட்டையாக இருக்கும். பெட்டியைத் திறந்து பார்த்தாலே தெரியும்.

எச்610எம் இன்டெல் பக்கம், எல்ஜிஏ1700 சாக்கெட். பட்டியலில் பெரும்பாலும் இதுதான் மலிவு. ஐ3-12100 சிப்போடு சேர்த்தால் அப்பா அம்மா செய்தி பார்க்க, வீடியோ அழைப்பு பேச, கணக்கு எழுத, எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) எழுதும் பிள்ளை ஆவணம் தயாரிக்க எல்லாவற்றுக்கும் போதும், வேகமாகவும் இருக்கும். இந்த ஒரு தேவைக்கு நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அதற்கு மேல் கேட்டால் இடறும். ராமுக்கு இரண்டே இடம். எம்.2 சேமிப்பு பிசிஐஇ 3.0 வேகத்தில்தான் ஓடும். சாக்கெட்டும் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200 சிப்புகளுக்கு வேறு சாக்கெட். பிறகு பெரிய ஐ7 போடலாம் என்று நினைத்து எச்610எம் வாங்காதீர்கள், அதன் விஆர்எம் அவ்வளவு சுமைக்குச் செய்யப்பட்டதல்ல. 13, 14-ஆம் தலைமுறையின் பெரிய சிப்புகளில் மின்னழுத்தக் கோளாறு வந்து, இன்டெல் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தம் வெளியிட்டது நினைவிருக்கலாம். 12-ஆம் தலைமுறைக்கு அந்தத் தொல்லை இல்லை. வாங்கும்போது பெயரையும் முழுதாகப் படியுங்கள். டிடிஆர்4 ராமுக்கு ஒரு வகை, டிடிஆர்5-க்கு ஒரு வகை என்று இரண்டு விற்கிறார்கள். ஒன்றின் ராம் மற்றதில் நுழையாது. இன்னொன்று, சிப்பின் பெயரில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. போர்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தாலும் படம் வராது.

பி650எம் 2022-இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு உரியது. 2027-க்குப் பிறகும் இந்தச் சாக்கெட்டைத் தொடர்வதாக ஏஎம்டி சொல்லியிருக்கிறது. ஏஎம்4 எத்தனை ஆண்டு ஓடியது என்று பார்த்தவர்கள் அதை நம்பலாம். நான்கு ஆண்டு கழித்துப் போர்டை அப்படியே வைத்துச் சிப்பை மட்டும் மாற்றுவது பெரிய சேமிப்பு. அஸ்ராக்கின் பி650எம்-எச்டிவி/எம்.2 இந்த வகையில் எனக்கு மிகப் பிடித்தது. விலை அடக்கம், விஆர்எம் அந்த விலைக்கு மிக வலு. ராமுக்கு இரண்டு இடம்தான், ஆனால் இங்கே அது குறையில்லை. ரைசன் 7000 சிப்புகளில் டிடிஆர்5 இரண்டு போட்டால் அதிகாரபூர்வ வேகம் 5200, நான்கு போட்டால் 3600-க்கு இறங்கிவிடும். இதில் தடங்கல் ராம் விலை மட்டுமே. டிடிஆர்5 கட்டாயம், பழையதைப் போட வழியில்லை. ராமுக்கும் சேர்த்து விலை கேட்டுவிட்டு முடிவெடுங்கள். தம்பி, இதற்குக் கீழே ஏ620எம் இருக்கிறதே என்று கடைக்காரர் காட்டினால், 65 வாட் சிப்புக்குச் சரி, அதற்கு மேல் வேண்டாம்.

இன்டெல்லா ஏஎம்டியா என்ற சண்டையில் எனக்கு நம்பிக்கை இல்லை. இரண்டு நிறுவனமும் 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில்தான் வந்து இறங்கின. அந்தத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்த்த அண்ணன்கள், அக்காக்கள் நம் குடும்பங்களில் உண்டு. சிப் கெடுவது அபூர்வம். பெரும்பாலும் போர்டுதான் கெடுகிறது. அதைக் கெடுப்பதும் சூடு, ஈரம், இடி. சாயங்காலம் இடி இடித்தால் சுவிட்சை அணைப்பதோடு இணையக் கம்பியையும் பிடுங்குங்கள். மின்னல் அந்த வழியாக வந்து லேன் துளையை மட்டும் கருக்கிவிட்டுப் போவது நம் ஊரில் நடக்கிற ஒன்று.

அதனால்தான் உள்ளூர் விநியோகஸ்தரின் உத்தரவாத ஸ்டிக்கர் உள்ள போர்டையே வாங்கச் சொல்கிறேன். வழக்கமாக 3 ஆண்டு கிடைக்கும். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்; கடை கைவிரித்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டி மனு கொடுக்கலாம், 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுப்பார்கள். ஆன்லைனில் பழைய சியோன் (இன்டெல்லின் சர்வர்) சிப்போடு வரும் எக்ஸ்99 போர்டுகள் மலிவாகத் தெரியும். அவற்றில் பலவற்றுக்கு முறையான பயாஸ் (போர்டை இயக்கும் அடிப்படை மென்பொருள்) புதுப்பிப்பு கிடையாது, கெட்டால் கொண்டுபோய்க் கொடுக்க இங்கே இடமும் கிடையாது. வெளிநாட்டிலிருந்து வரும் 500 வெள்ளிக்குக் கீழான பொருளுக்கு 2024 ஜனவரி முதல் 10 விழுக்காடு வரியும் உண்டு.

கடையிலேயே போர்டைத் திறந்து, எச்610எம், பி650எம் என்றால் சாக்கெட்டின் ஊசிகளை வெளிச்சத்தில் பாருங்கள். ஒன்று வளைந்திருந்தாலும் வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். பி550எம்-இல் ஊசிகள் சிப்பின் அடியில் இருக்கும், அதைப் பாருங்கள். சிப்பையும் அங்கேயே வாங்கினால், பயாஸைப் புதுப்பித்து, திரையில் படம் வருவதைக் காட்டிய பிறகு பணம் கொடுங்கள்.